நினைவுக்கல் காயும்வரை

எழுந்தான். பல் தேய்த்தான். பால் வைத்தான், பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தான். வேலைக்குக் கிளம்பினான். மனைவி இறந்தபின் எல்லாக் காலையும் இப்படித்தான்.

அவன் வேலை பார்த்த வானாய்வகம் மனிதகுலத்தின் மாபெரும் சாதனை. நட்சத்திரங்கள்கூட அங்கே முன் அனுமதி பெற்றே மினுங்கும் என்று இயக்குநர் நம்பினார். நம்பாமல் அங்கே வேலை பார்த்த ஒரே ஆள் அவன் மனைவி. அவள் கவனித்துவந்தது ஓர் இரட்டை நட்சத்திரம். ஒன்று வாயுவைச் சிந்தும். மற்றது அதைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துவைக்கும். தாங்காதபோது திடீரென்று பளீரிட்டு, சில நாளில் அடங்கிவிடும். அடுத்த வெடிப்பு இந்த மாதம் என்று கணித்திருந்தாள். பார்க்க அவள் இல்லை.

அந்த ஈடில்லாச் சேவையைப் போற்றி, தொலைநோக்கிக் கூடத்தின் வாசலில் அவளுக்குச் சலவைக்கல் பதித்தார்கள். கல் கொஞ்சம் நீளம். பாதி சுவரில், பாதி இழுப்புக் கதவில் ஒட்டினார்கள். அதன் முன்னாலேயே நாற்காலி போட்டு ‘உயர்மட்டக் கூட்டம்’.

“சார், அந்த ஜோடி நட்சத்திரம் வெடிச்சிருச்சு. வேற ஆய்வகத்துலேருந்து போன் வந்துச்சு. இன்னைக்கே கதவைத் திறக்கணும்,” என்றான்.

“சிமெண்ட் ஈரம், தம்பி. திறந்தா அவங்க பேரு ரெண்டாப் பிளந்துடும்,” என்றார் இயக்குநர்.

“ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும், சார்.”

“சிமெண்டும் ரெண்டு மூணு நாள்ல காஞ்சிடும். என்ன பொருத்தம் பாருங்க.”

கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமினார். “கல் திறப்பு விழா வரைக்கும் அந்த நட்சத்திரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லலாமே.”

“யாரு சொல்றது?”

“அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுடுவோம்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அடுத்து, கல்லின் அடியில் பொறிக்க அவளுடைய ‘கடைசி வார்த்தைகள்’. இயக்குநரே எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

“‘என் விழி மூடினாலும் விண்ணின் விழி மூடாது.’ எப்படி இருக்கு?”

கணக்கு அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்படியே அவங்க பேசுற மாதிரியே இருக்கு, சார்.”

அவன் எழுந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். முதலில் அசையவில்லை. பிறகு கல் விரிசல் விட்டது, சரியாக அவள் பெயரின் நடுவில். கதவு திறந்துகொண்டது.

“என்ன தம்பி பண்றீங்க?”

“அவ கடைசியா சொன்னதைத்தான், சார்.”

“என்ன சொன்னாங்க?”

கையில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

“‘அது வெடிச்சா அவங்ககிட்ட போய்க் கேட்டுட்டு நிக்காதீங்க. கூட்டம் போட்டுடுவாங்க. நீங்க பாட்டுக்குக் கதவைத் திறந்துடுங்க.’”