மணிக்கட்டுச் சோதனை

"அப்பா, என் வாயை மோந்து பாருங்க."

யாரிடமும் இப்படிக் கேட்டு வைக்காதே என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டது வீணாயிற்று. அப்பா தட்டோடு எழுந்தார். "எனக்கு மூக்கடைப்பும்மா" என்று நழுவினார்.

மோந்து பார்க்கவே பயப்படுகிறாரா? மூன்று வாரமாக அவள் வாயைத் திறந்தாலே மேலாளர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். இன்று அவரிடம்தான் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி, இரண்டு வருடத் தற்காலிகம். வாய் நாறி வேலை போனது என்று வெளியே சொல்ல முடியுமா?

மணிக்கட்டை நக்கினாள். பத்து எண்ணினாள். மோந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா! செத்த எலி மாதிரி இருக்கு!"

"வாட்சைக் கழட்டிட்டு நக்குடி. அந்தத் தோல்பட்டை குளிக்கும்போதும் கையில, தூங்கும்போதும் கையில."

பெற்றவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள். கரண்டியால் நாக்கை வழித்து மோந்தாள். வெங்காயம்!

"அது வெங்காயம் வதக்கின கரண்டி, அக்கா" என்றாள் தங்கை.

இவளும் சேர்ந்து மறைக்கிறாள். டப்பாவிலிருந்த கிராம்பையெல்லாம் வாயில் அடக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இறங்கும்போது நாக்கு மரத்துப்போய், வாய்க்குள் யாரோ செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

மேலாளர் அறையில் ஃபைலால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஷார், என் வேழை... நிழந்தழம் ஆகுமா?"

அவர் நாற்காலியோடு சுவருக்குத் திரும்பினார். "பார்க்கலாம்மா... அப்புறம்..."

மூன்று வாரப் பயமும் ஆத்திரமாய்ப் பொங்கியது. ஃபைலை மேசையில் எறிந்தாள்.

"மூக்கை வேணா பொத்திக்குங்க ஷார்! பதிலை என் மூஞ்சியைப் பாழ்த்துச் சொல்லுங்க!"

பிடரிதான் தெரிந்தது. அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

டீ போடும் அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள். "எங்கம்மா, பையும் கையுமா?"

"போழேன்க்கா. என் வாய் நாத்தம் தாங்காம அவழு மூஞ்சியைத் திழுப்புழாழு." நடையை நிறுத்தவில்லை.

அக்கா கூடவே நடந்து, எட்டி மோந்தாள்.

"நாத்தமா? கிராம்புதான் தூக்குது! அட போம்மா, உன் சீட்டைத் தன் மச்சானுக்கு எழுதிக் குடுத்து மூணு வாரம் ஆச்சு. உன்னை நேரா பார்க்க அந்தாளுக்கு ஏது மூஞ்சி?"