ஜெஸ்லினுக்குப் பதிலி

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெஸ்லினின் கைப்பட்டை 1,140 என்று காட்டியது. சிவப்பு எழுத்தில் காட்டியது. பள்ளிக்கூடம் கேட்டது பத்தாயிரம்.

“இன்னும் எட்டாயிரத்து எண்ணூத்து அறுவது அடி,” என்றாள் ஜெஸ்லின், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். பத்து வயது. கழித்தல் கணக்கில் கெட்டிக்காரி.

அவள் அப்பா கிங்ஸ்டன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். பழைய துறைமுகத்தில், மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் வெங்காய மூட்டை ஏற்றுகிற லோடுமேன்.

“அப்ப எந்திரிச்சு நட.”

“நடந்தா கோடிங் சிவப்பாயிரும்பா.”

சிக்கல் இதுதான். இந்த வருஷம் பள்ளிக்கூடம் ‘மூளையும் உடம்பும்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. கோடிங் படித்தால் மூளை வளரும், ஓடியாடினால் உடம்பு வளரும் என்று சுற்றறிக்கை சொன்னது. அதில் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புல்வெளியில் ஓடினான். தினமும் ஐந்திலிருந்து எட்டு மணிவரை கோடிக்குருவி அகாடமி அனுப்பும் கோடிங் பாடம் செய்ய வேண்டும்; பத்தாயிரம் அடியும் நடக்க வேண்டும். இரண்டும் செயலியில் பச்சையாக விழ வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று சிவப்பு விழுந்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு இங்கே கிடையாது. புதுக்கோட்டைக் கிளைக்குப் போக வேண்டும். அங்கே ஆறாம் வகுப்புக்குக் கூரை இருக்கிறது. வாத்தியார் இல்லை.

போன வருஷம்வரை ஜெஸ்லின் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போனாள். ரோட்டில் லாரி ஓடுகிறது என்று சொல்லி வேனைக் கட்டாயமாக்கியது பள்ளிக்கூடம். அந்த வேன்களை நிறுத்த விளையாட்டு மைதானத்தை எடுத்துக்கொண்டது. மைதானம் இல்லாததால் விளையாட்டு பீரியடைக் கோடிங்குக்குக் கொடுத்தது. பிள்ளை ஓடுகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டு, எத்தனை அடி ஓடினாய் என்று கேட்க ஆளுக்கொரு பட்டை கட்டிவிட்டது.

“ஏற்கெனவே ரெண்டு சிவப்பு விழுந்தாச்சு,” என்றாள் விஜிலா, கிங்ஸ்டனின் மனைவி. இந்தப் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்துக்காக இரண்டு நாள் வெயிலில் வரிசையில் நின்றவள். “இன்னைக்கு ஒண்ணு விழுந்தா பிள்ள புதுக்கோட்டைக்குத்தான் போகணும். என்ன செய்யப்போறீங்க?”

கிங்ஸ்டன் யோசித்தான். மடிக்கணினியைத் திறந்தபடி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். அவன் பின்பக்கமாக நடக்க, ஜெஸ்லின் எதிரே நடந்துகொண்டே கோடிங் செய்வது என்று ஏற்பாடு.

கோடிங் என்றால் திரையில் மங்கலாக ஒரு படம் வரும். பிள்ளை உற்றுப் பார்த்து எழுத்தும் எண்ணுமாக எதையோ அடிக்கும். உடனே அடுத்த படம் வரும். ஒருநாள் என்ன இது என்று கேட்டதற்கு, “இதுக்குப் பேருதான் கோடுப்பா” என்றாள். அதற்குமேல் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முன்னறை, அடுப்படி, கொல்லைப்புறம் என்று நாற்பது சுற்று ஒழுங்காகப் போயிற்று. நாற்பத்தோராவது சுற்றில் கிங்ஸ்டன் தண்ணீர்க் குடத்தின்மேல் உட்கார்ந்தான். குடம் நசுங்கியது. மடிக்கணினி குப்புற விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஏழாம் எண் பொத்தானைக் காணோம்.

ஜெஸ்லின் அழுதாள். “ஏழு இல்லாம எப்படிப்பா கோடிங் பண்ண?”

விஜிலா கொல்லையில் டார்ச் அடித்துத் தேடி, பொத்தானைக் கண்டுபிடித்து, பசை போட்டு ஒட்டினாள். எட்டு மணிக்குக் கோடிங் பச்சையானது. பட்டை 4,900-இல் நின்றது. ஜெஸ்லின் முற்றத்தில் அழுதுகொண்டே ஓடி மிச்சத்தை முடித்தாள். முடித்த இடத்திலேயே தரையில் படுத்துவிட்டாள்.

தினமும் இது நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு வேலைக்கு வர முடியாவிட்டால், அவன் பெயரில் இன்னொருவன் வந்து நிற்பான். அவனுக்குப் பதிலி என்று பெயர். மேஸ்திரி தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். கிங்ஸ்டன் இருபது வருஷத்தில் பாதித் துறைமுகத்துக்குப் பதிலி நின்றவன்.

“பட்டையக் கழட்டு,” என்றான் மகளிடம். “நாளையிலருந்து ஒன் காலுக்கு நான் பதிலி.”

“மாட்டிக்கிட்டா?” என்றாள் விஜிலா.

“அவனுவ பிள்ளையப் பாக்கல. நம்பரத்தான் பாக்கானுவ.”

பட்டை அவன் மணிக்கட்டில் பாதிதான் சுற்றியது. மீதிக்குச் சாக்கு தைக்கிற சணல் நூலைக் கட்டிக்கொண்டான். ஜெஸ்லின் கையில் மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைக் கடிகாரம் ஏறியது.

மறுநாள் சாயங்காலம் பட்டை 31,206 காட்டியது. வானவேடிக்கை மாதிரி ஏதோ படமும் காட்டியது.

ஜெஸ்லினை ‘நட்சத்திர நடையாளி’ என்று அறிவித்து, பெற்றோர் குழுவில் அவள் போட்டோவைப் போட்டார்கள். காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை முப்பதாயிரம் அடியை எங்கே போய் நடந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எண் பச்சையாக இருந்தது, போதும். குழுவில் நாற்பது பேர் கைதட்டுகிற பொம்மை அனுப்பினார்கள். மற்ற தாய்மார்கள் விஜிலாவைக் கூப்பிட்டுப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று விசாரித்தார்கள். கேழ்வரகு என்றாள் அவள்.

மூன்றாம் நாள் செயலி தானாக ஒரு முடிவெடுத்தது. உங்கள் குழந்தை பழைய இலக்கைத் தாண்டி வளர்ந்துவிட்டாள், இனிமேல் தினமும் முப்பதாயிரம் அடி என்றது.

இனி அவளால் நடந்து மீளவே முடியாது. கிங்ஸ்டன் காய்ச்சல் என்று படுத்தால் மகள் புதுக்கோட்டைக்குப் போவாள்.

அவனுக்குக் காய்ச்சல் வரவில்லை, புயல் வந்தது. துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். தோணி எதுவும் கிளம்பாது, ஏற்ற மூட்டை இல்லை. அவனோடு வேலை செய்கிற சுடலைக்கண்ணனுக்கு மட்டும் ஒரு சரக்குக் கிட்டங்கியில் உப்பு மூட்டை அடுக்குகிற வேலை கிடைத்தது. ஒரு ஆளுக்குத்தான் இடம். கிங்ஸ்டன் பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

“ஏலே, ஒன் மவளுக்கு நான் பதிலியா?” என்றான் சுடலைக்கண்ணன்.

“பதிலிக்குப் பதிலி. கட்டுல.”

சுடலைக்கண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. தொண்ணூற்றைந்து கிலோ. நாளைக்கு நாலு கட்டு பீடி. பட்டையைவிட நூல்தான் அதிகம் தேவைப்பட்டது.

அன்று முப்பத்திரண்டாயிரம் அடி. கூடவே விஜிலாவின் செல்பேசிக்கு ஒரு செய்தியும் வந்தது. அன்பான பெற்றோரே, ஜெஸ்லினின் இதயம் ஐம்பது வயதுக்குரிய நிலையில் உள்ளது. புகைப்பழக்கம் இருந்தால் அன்பாகப் பேசி நிறுத்தவும்.

கிங்ஸ்டன் மறுநாள் காலையிலேயே கிட்டங்கிக்குப் போனான்.

“ஏலே, கூண்டு எறக்குற வரைக்கும் பீடி குடிக்காத. ஜெஸ்லினுக்கு ஆவாதாம்.”

சுடலைக்கண்ணன் நல்லவன். சினேகிதன் மகளுக்காக இரண்டு நாள் பீடியைத் தொடவில்லை. அந்த இரண்டு நாளில் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையோடு மூன்று தடவை சண்டை போட்டான், ஒரு தராசைத் தூக்கி எறிந்தான். உங்கள் குழந்தைக்குக் கடுமையான கோபம் இருக்கிறது என்று செயலி சொன்னது. பள்ளிக்கூடத்து மனநல ஆலோசகர் விஜிலாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். புருஷன் குடிப்பானா, அடிப்பானா, அவன் குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார்.

கூண்டு இறங்கியதும் கிங்ஸ்டன் பட்டையைத் தன் கைக்கே வாங்கிக்கொண்டான். அந்த வாரம்தான் வகுப்பாசிரியர் ஞானதீபம் முதல் தடவையாகச் செயலியில் வரைபடம் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தார். ஜெஸ்லின் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை பழைய துறைமுகத்தில், கிட்டங்கிக்கும் கடலுக்குமாக இருநூறு தடவை போய்வந்திருந்தாள். ஞானதீபம் நிமிர்ந்து பார்த்தார். ஜெஸ்லின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பிள்ளையைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டார்.

நாலு நாள் தொடர்ந்து ஆப்சென்ட். உடனே பெற்றோர் வரவேண்டும் என்று ஜெஸ்லின் கையிலேயே கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. திங்கள்கிழமை போய் என்ன சொல்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். மூத்தவர் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு அதிகாரி, தேவமணி என்று பெயர் சொன்னார். கூட வந்தது அவர் உதவியாளர் அனுசியா.

“ஜெஸ்லின் இந்த வீடுதானே? பிள்ளையைத் துறைமுக வேலையில ஈடுபடுத்துறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு.”

கிங்ஸ்டனுக்கு வரைபடம் கண்முன்னால் வந்தது. பிள்ளையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்தான். புதுக்கோட்டையெல்லாம் இப்போது மோட்சம் மாதிரி தெரிந்தது.

“மேடம், அது அவ இல்ல. நான்.”

எல்லாவற்றையும் சொன்னான். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். சட்டையை இறக்கித் தோள்பட்டைக் காய்ப்பைக் காட்டினான். அடுத்த தெருவிலிருந்து சுடலைக்கண்ணனைக் கூப்பிட்டு வந்தான். சுடலைக்கண்ணன் மணிக்கட்டில் நூல் அறுத்த தடத்தை நீட்டி, அந்த இதயம் தன்னுடையதுதான் என்று அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டான். அதுவும் போதாதென்று கிங்ஸ்டன் பத்துக் கிலோ அரிசிப் பையை மகள் முன்னால் வைத்துத் தூக்கச் சொன்னான். ஜெஸ்லின் இரண்டு கையாலும் இழுத்தாள். பை அசையவில்லை. கிங்ஸ்டன் பெருமையோடு அதிகாரியைப் பார்த்தான்.

தேவமணி இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. “சரி, பிள்ளை வீட்டுல என்ன பண்ணும்?” என்று கேட்டார்.

“ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட விட்டதில்ல மேடம். நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டா. கோடிங்தான்.”

“எத்தனை மணி நேரம்?”

“தெனமும் மூணு மணி நேரம். ஞாயித்துக்கிழம அஞ்சு. பூசைக்குக்கூட போறதில்ல.”

தேவமணி வேகமாக எழுத ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை படம் முடிப்பாள் என்று கேட்டார். நானூறு என்றான் கிங்ஸ்டன். முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சிவப்பு விழும், பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றாள் விஜிலா. அதிகாரி இவ்வளவு அக்கறையாகக் கேட்டு எழுதுவதைப் பார்த்துக் கிங்ஸ்டனுக்குத் தைரியம் வந்தது. அலமாரியிலிருந்து ஜெஸ்லினின் சான்றிதழை எடுத்து வந்தான். கோடிக்குருவி அகாடமியில் மாவட்டத்திலேயே வேகமான கை என்று அதில் போட்டிருந்தது.

“பாத்தீங்களா மேடம். இப்பிடிப் படிக்குற பிள்ளையப் போயி யாராவது துறைமுக வேலைக்கு அனுப்புவாவளா?”

தேவமணி சான்றிதழை வாங்கிக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். அதுவரை ஜெஸ்லினின் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்த அனுசியா, திரையைக் கிங்ஸ்டன் பக்கம் திருப்பினாள்.

“அண்ணாச்சி, ஒங்க வெங்காய மூட்டையப் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லல, இந்தா ஓடுதே, இது பூராவும் புதுத் துறைமுகத்துல வந்து எறங்குற கண்டெய்னர் நம்பரு, அத அடிக்க கிளார்க்கு வைக்காம அந்தக் கோடிக்குருவிக் கம்பெனி கோடிங்னு சொல்லி பிள்ளையள வச்சே அடிச்சு வாங்குது, ரெண்டு மாசமா துறைமுக வேலை பாக்குறது ஒங்க மவதான்.”