என் லாரிக்கு மூளை இருந்த விவரம்

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை நலம், லாரி நலமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், உங்கள் கிடங்கும், கிடங்கு வாசலில் வரிசையாக நிற்கும் புது லாரிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டையே கூட்டி உட்கார வைத்துக் கேட்பீர்கள். என் பல்செட் விவகாரம் அப்படித்தான் ஊர்ப் பொதுவானது. ஆகவே கடிதம்.

மச்சான், என் லாரிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். குடும்பம் கூடிய இடத்திலெல்லாம் நான் என்ன பேசினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டால் அக்கா எடுத்துக் கொடுப்பார். "மச்சான் வாங்குறது லாரி இல்ல, சக்கரம் வெச்ச டிவி. என் வண்டி வெறும் இரும்பு. டீசல் ஊத்தினா ஓடும், ஊத்தலன்னா நிக்கும், நடுவுல யாரையும் யோசனை கேக்காது" என்று மார்தட்டினேன். நீங்களும் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, "என்னைக்காவது அந்தத் தகரத்தைத் தள்ளிவிட்டுட்டு நம்ம கிடங்குக்கு வாங்க மாப்பிள்ளை, ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்" என்பீர்கள். இந்தக் கடிதமே அந்த நாற்காலியைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன் நடந்ததைக் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

கொஞ்ச நாளாகவே வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், வெயில் ஏறினால் பட்டென்று நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். டீசல் பில்டரை மாற்றினேன், பம்பை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், யாரோ சொன்னார்கள் என்று ஹாரனைக்கூட மாற்றினேன். ஹாரன் இப்போது பிரமாதம். நேற்று மெத்தைக் கம்பெனி லோடு, அதுவும் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு. எனக்கு நிலையாக வாடகை கொடுக்கிற இடம் இப்போது அது ஒன்றுதான். அந்த மேனேஜர், "இன்னொரு தடவை நடுவழியில நின்னீங்கன்னா வேற வண்டி பாத்துக்குவோம்"னு முகத்துக்கு நேரா சொல்லித்தான் அனுப்பினார். ஊர் எல்லை தாண்டவில்லை மச்சான், மேம்பாலத்தின் உச்சியில், பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, வண்டி மூச்சை விட்டது. கையும் ஓடல, காலும் ஓடல. ஒருவழியாக இன்னொரு லாரியில் கயிறு கட்டி நம்ம மெக்கானிக் பட்டறைக்கு இழுத்து வந்து சேர்த்தேன்.

மெக்கானிக் ஒரு சின்ன விளக்கைப் பிடித்துக்கொண்டு கேபினுக்குள் நுழைந்தான், வெளியே வந்தான், கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கம்ப்யூட்டர் போச்சு"ன்னான். "அடப்பாவமே, உன் கம்ப்யூட்டரா?"ன்னு கேட்டேன். "உங்க வண்டியோடதுண்ணே." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வண்டியில டிவி மாதிரி ஒண்ணும் கிடையாது, பட்டன்கூட ரெண்டுதான், அதுல ஒண்ணு வேலை செய்யாது, இதுல கம்ப்யூட்டர் எங்கப்பா வந்ததுன்னேன். அவன் கிளீனர் சீட்டுக்கு அடியில் இருந்த அந்த அலுமினியப் பெட்டியைத் தட்டிக் காட்டினான். மச்சான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் சோத்துப் பெட்டி!

விளக்கமாகச் சொல்கிறேன். வண்டி வாங்கின நாளிலிருந்து அந்தப் பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். கம்பெனிக்காரன் டிரைவர் மேல் இரக்கப்பட்டு, சாப்பாடு ஆறாமல் இருக்க வைத்துக் கொடுத்தது என்றே நினைத்திருந்தேன். உங்கள் தங்கை தடிமனான துணியில் சுற்றிக் கட்டிக் கொடுக்கிற கேரியரைத் தினமும் அதன் மேல் வைத்துத்தான் வண்டியை எடுப்பேன். மத்தியானம் திறந்தால் ஆவி பறக்கும். அந்தப் பெட்டிதானாம் இஞ்சினுக்கு எப்போ எவ்வளவு டீசல் கொடுக்கணும்னு முடிவு பண்ற மூளை! "அதோட சூடே வெளிய போக வழியில்லாம தவிச்சிருக்கு. நீங்க அதுக்கு மேல போர்வை போத்தி விட்டிருக்கீங்க"ன்னான். அப்புறம் பெட்டியைக் கழட்டித் திறந்து, உள்ளே சுரண்டி, மோந்து பார்த்து, "இது டீசல் இல்லண்ணே, பருப்பு"ன்னான்.

அந்த நேரம் பார்த்தா உங்க தங்கச்சி ராத்திரிச் சாப்பாட்டுக் கேரியரோட பஸ் பிடிச்சு வந்து நிக்கணும்? நான் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறேன். அவ என்னைப் பாக்குறா, பெட்டியைப் பாக்குறா, பருப்பைப் பாக்குறா. "கேரியர் மூடி சரியில்ல, வேற வாங்குங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்"னு கேப்பான்னு பயந்தேன். அவ அதைக் கேக்கல மச்சான். "அப்போ மத்தியானம் வரைக்கும் சோறு சூடா இருந்தது என் கட்டு இல்லையா? இந்தப் பெட்டியா?"ன்னு கேட்டா. அவ முகம் அப்படியே சுருங்கிடுச்சு. 'உன் கட்டு மாதிரி ஊர்ல எவளும் கட்ட மாட்டா'ன்னு நான் தினமும் சொல்லிட்டிருந்தேன். எனக்கு என்ன தெரியும்? வண்டி போனதைவிட அவ கேட்ட கேள்விதான் எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது.

புதுப் பெட்டி இந்த மாடலுக்கு இப்போ வர்றதே இல்லையாம். பழைய வண்டி உடைக்கிற இடத்துல அதே நம்பர் போட்ட பெட்டி ஒண்ணு கிடைச்சது. இன்னைக்குக் காலையில மாட்டினோம், சாவி போட்டேன், ஒரே திருகுல வண்டி கிளம்பிடுச்சு. சந்தோஷத்துல மெக்கானிக்கைக் கட்டிப் பிடிச்சேன். மெத்தையோட ரோட்டுக்கு வந்து மிதிக்கிறேன், மிதிக்கிறேன், முப்பதுக்கு மேல முள்ளு நகரமாட்டேங்குது. சைக்கிள்காரர் ஒருத்தர் என்னைத் தாண்டிப் போகும்போது பரிதாபமா திரும்பிப் பார்த்தார். சரி, நிறுத்திப் பாப்போம்னு ஒரு தெருவுல ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போட்டா, நான் பெடல் பக்கமே போகல, வண்டி தானா 'ஊஊ'ன்னு ரேஸ் ஆகுது! கொஞ்சம் நகர்ந்து மறுபடி நிறுத்தினேன், மறுபடி 'ஊஊ'. நாலு வீட்டுக் கதவு திறந்தது. ஒரு அம்மா வாளியோட ஓடி வந்து, "ஏம்பா, ரெண்டு நாளா ஏன் வரல?"ன்னு கேட்டுக்கிட்டே வாழைப்பழத் தோல், முட்டை ஓடு எல்லாத்தையும் என் லோடு மேல கொட்டிட்டாங்க. "அம்மா, இது மெத்தை!"ன்னு கத்தினேன். "மெத்தையும் எடுப்பீங்களா? உள்ள ஒண்ணு கிடக்கு, இருங்க"ன்னு திரும்ப உள்ள ஓடினாங்க. தார்ப்பாய் கட்டியிருந்ததால ஆஸ்பத்திரி பிழைச்சது. என் மானம் பிழைக்கல.

பட்டறைக்குத் திரும்பினதும் மெக்கானிக்கோட அக்கா லேப்டாப்போட வந்தாங்க. இந்த மாதிரி பெட்டிங்களைப் படிக்கிறதுதான் அவங்க தொழில். வயரைச் சொருகிப் பாத்துட்டு, "அண்ணே, இந்தப் பெட்டி குப்பை வண்டியில இருந்து வந்தது. அது இன்னும் தெருத்தெருவா குப்பை எடுக்கிறதாத்தான் நினைச்சிட்டிருக்கு. ஹேண்ட்பிரேக் போட்டா குப்பையை அமுக்கத் தயாராகுது"ன்னாங்க. மச்சான், வண்டி ஒண்ணு நினைக்குது, அதுவும் தப்பா நினைக்குதுன்னு கேட்டப்போ எனக்குத் தலை சுத்திடுச்சு. நம்ம வண்டியோட சங்கதியெல்லாம் பழைய பெட்டிக்குள்ளதான் இருக்காம். அதைப் படிச்சு எடுத்தாத்தான் இதுக்குள்ள எழுத முடியுமாம். பழசோ செத்துக் கிடக்குது. குளிர வெச்சா மட்டும் கொஞ்சம் கண்ணு முழிக்கும்னு சொல்லி, அதைப் பிளாஸ்டிக் பையில சுத்தி, பக்கத்து ஜூஸ் கடை ஐஸ் பெட்டியில சோடா பாட்டிலுங்களுக்கு நடுவுல படுக்க வெச்சிருக்காங்க! ஒரு தடவை எடுத்துப் பாத்தாச்சு. முழிச்சது, பாதி சொல்லிட்டு மறுபடி மயங்கிடுச்சு. "இன்னொரு தடவைதான் பாக்கலாம். அதுலயும் வரலன்னா இந்த வண்டி குப்பை வண்டிதான்"னுட்டாங்க.

பெட்டி ஐஸில் கிடக்கிறது. நான் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் தங்கை கேபினில், கிளீனர் சீட்டில், கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மேனேஜர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. ஸ்டியரிங் இல்லாத இடத்தில் என் கையை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வேறு வழியில்லை, தோற்றுவிட்டேன். அந்த நாற்காலி இன்னும் காலியாக இருந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து உட்காருகிறேன். லாரியை எடைக்குப் போடும்போது மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் புது லாரிகளை நான் டிவி என்று சொன்னதை மன்னிக்கவும்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மடித்து உறையில் போடும்போதே பட்டறைக்குள் ஒரே சத்தம். ஐஸிலிருந்து எடுத்த பெட்டி இந்தத் தடவை மயங்காமல் முழுசையும் சொல்லிவிட்டது. மெக்கானிக்கின் அக்காவும் அதைக் குப்பை வண்டிப் பெட்டிக்குள் எழுதிவிட்டார்கள். ஹேண்ட்பிரேக் போட்டுப் பாத்தேன், மூச்! மெத்தையெல்லாம் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இறங்கியாச்சு, மேனேஜர் அடுத்த லோடும் சொல்லிவிட்டார். பெட்டியை மெக்கானிக் காத்துப் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறான், அதன் மேல் ஒரு வெற்றிலைகூட நிற்காது. "இனிமே சோறு ஆறிப்போகுமே"ன்னேன். "நீங்க அந்தப் பக்கம் எதையும் வைக்காம பாத்துக்க நானே கூட வர்றேன், சூடா எங்க கிடைக்குதோ அங்க சாப்பிட்டுக்கலாம்"னு உங்க தங்கச்சி சீட்டை விட்டு இறங்கவே இல்லை. இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றேன். "அண்ணனுக்குத் தெரியட்டும்"னு பிடுங்கி வைத்துக்கொண்டாள். தெரியட்டும். ஆனால் உங்களோடு போகட்டும் மச்சான். அடுத்த தடவை எல்லோரும் கூடும்போதும் நான் "என் வண்டி வெறும் இரும்பு" என்றுதான் சொல்வேன், நீங்கள் தலையாட்ட வேண்டும். இதை உங்கள் தெருமுனையில் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன், தபால்காரரும் நானே. உங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து ஹாரன் அடிப்பேன், வெளியே வாருங்கள். கையில் குப்பை வாளி மட்டும் வேண்டாம்.