கூரைக்கு முன் சுவர்

எனக்கென்று தனி அறை கட்டியே தீருவது என்று தீர்மானித்தேன். அதுவும் வைக்கோல் கட்டுகளால். இயற்கை முறையில் வீடு கட்டும் வகுப்புக்குப் போய் வந்தவன் நான். யாரைக் கேட்க வேண்டும்?

"கட்டினவளைக் கேக்காம கட்டடமா?" என்றாள் மனைவி.

"உன்னைக் கேட்டா அஸ்திவாரமே எழும்பாது."

"எலி வராதா?"

"இறுக்கி அடுக்கி, கெட்டியா மண்ணு பூசிட்டா எப்படி நுழையும்?"

"மழை?"

"அதை நான் பாத்துக்கறேன்."

முதலில் கூரை, அப்புறம்தான் சுவர் என்று வாத்தியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை ஏது? வீட்டுக்குப் பின்னால் தலை உயரத்துக்குக் கட்டுகளை அடுக்கிவிட்டேன். மேலே வெறும் ஆகாயம்.

அது கறுத்தது. வைக்கோல் நனைந்தால் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும், அத்தனையும் குப்பை. தார்ப்பாய் தேடி ஓடினேன். பரணில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இல்லை. கடைக்கு ஓடினால் பூட்டு தொங்கியது. மூச்சு வாங்கத் திரும்பினால், பின்வாசலில் மடித்த தார்ப்பாயின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் மகராசி!

"எழுந்திரு! மழை வருது!"

"நீங்கதான் பாத்துக்கறேன்னீங்களே. பாருங்க. இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

"உனக்கு என்னதான் வேணும்?"

"அந்த ரூம் யாருக்கு?"

"நமக்கு!"

அசையவில்லை. இடி இடித்தது.

"உனக்கு! உனக்கே உனக்கு!"

எழுந்தாள். "அக்கா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அம்மா கயிற்றோடு தயாராக நின்றிருந்தார். காற்று தார்ப்பாயைத் தூக்க, ஒரு முனையில் நான் தொங்க, இருவரும் இழுத்துக் கட்டினார்கள். மழை கொட்டித் தீர்த்தது. ஒரு கட்டுகூட நனையவில்லை. நனைந்தது நான் மட்டும்தான்.

வெயில் வந்ததும் கூரை ஏறியது. அவள் சுவரெல்லாம் மண் பூசினாள். வாத்தியார் வந்து, சுவரை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம்! யார் பூசினது?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள், "நான்தாங்க" என்றாள்.

"அடுத்த வகுப்புல நீங்களே சொல்லிக் குடுங்கம்மா!" என்றவர், என் பக்கம் திரும்பினார். "சாரையும் சேத்துக்கலாமா?"

என்ன சொல்லப் போகிறாளோ?

"தாராளமா!" என்றாள். "மண்ணு நல்லா மிதிப்பாருங்க."