ஜப்பானில் டிமிக்கி

கீழே சுற்றுலா பஸ் இரண்டாவது முறையாக ஹாரன் அடித்தது. மேலே ஹோட்டல் அறையில், தையற்காரம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அதை எடுத்துட்டு வந்து பஸ்ல குடிக்கக் கூடாதா?" என்றார் கணவர், ஒரு காலில் ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக.

"குடிக்கலாம். ஆனா நான் பஸ்ல வரப் போறதில்ல."

கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிப்போ டைம்கீப்பர். விசில் ஊதி மற்றவர்களை விரட்டியே சம்பளம் வாங்கியவர். மனைவியோ வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, "தைச்சாச்சா?" என்று வந்து நின்ற தெருவையே "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பியவர். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினார்கள் என்று சொந்தக்காரர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

"வராம என்ன பண்ணப் போற? ஜப்பான் வரைக்கும் வந்துட்டு ரூம்லயே உக்காந்திருப்பியா?"

"நேத்து முழுக்க ஓடினோமே, நான் என்ன பாத்தேன்னு கேளுங்க. கோயில் பாத்தேனா? தோட்டம் பாத்தேனா? கொடி பாத்தேன். அந்தப் பொண்ணு கையில இருக்கிற மஞ்சக் கொடி. ஒரு பூவைக் குனிஞ்சு பாக்குறதுக்குள்ள கொடி நகந்துடுது. கொடி பின்னால ஓடறதுக்கு நான் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"

டைம்கீப்பர் மற்றொரு ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கும் கால் விண் விண்ணென்று தெறித்தது. ஆனால் விஷயம் காலோடு முடிவதல்ல.

கிளம்பும்போது விமான நிலைய வாசலில் மகன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். "குழுவோட போங்க, குழுவோட வாங்க. அங்கயும் நீங்க இஷ்டத்துக்கு ஆடினீங்கன்னா, வந்ததும் வீட்டைப் பூட்டிட்டு எங்க கூட வந்துடணும். ரெண்டு பேரையும் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கம் வரல."

மகனுடைய ஃபிளாட் நல்ல ஃபிளாட்தான். ஆனால் அதில் தையல் மிஷின் வைக்க இடமில்லை. பால்கனியில் வைக்கலாமே என்று மருமகள் சொன்னாள். மழை வந்தால் மிஷின் நனையாதா என்று மாமியார் கேட்டதற்கு, "இனிமே எதுக்கு அத்தை தைக்கிறீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகத்தான் பதில் வந்தது. அந்த அன்பை நினைக்கும்போதெல்லாம் தையற்காரம்மா மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவைப்பார்.

"மகனுக்குத் தெரிஞ்சா?" என்றார் டைம்கீப்பர்.

"யாரு சொல்லப் போறா? நீங்க சொல்லுவீங்களா?"

டைம்கீப்பர் ஒற்றை ஷூவோடு கீழே இறங்கினார். பஸ் வாசலில் கொடிக்காரப் பெண் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவள்.

"அவளுக்குத் தலைவலிம்மா. நானும் துணைக்கு இருந்துக்கறேன்."

ஆயிரம் கேள்வி கேட்பாள் என்று அவர் பதில்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்கய்யா, நல்லா இருங்க" என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாள். எண்ண வேண்டிய தலைகளில் இரண்டு குறைந்த சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பஸ் தெருமுனை திரும்பியதும் தையற்காரம்மாவின் தலைவலி போய்விட்டது. இருவரும் நிதானமாக நடந்தார்கள். ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு. அதில் பழைய துணிகளுக்கு மடிப்பு அடித்துக் கொடுக்கும் ஒரு குறுகிய கடை. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம், நிழலில் ஒரு பெஞ்சு. தையற்காரம்மா கடை வாசலில் நின்றார். டைம்கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஜப்பான் கிடைத்துவிட்டது.

கடைக்காரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஒரு கால்சட்டையின் விளிம்பைக் காட்டி இவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் அதைப் பிரித்து மறுபடி அடித்தாள்.

டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி பஸ்கள் வந்தன, போயின. ஒன்றாவது தாமதமாக வராதா என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

"இந்த ஊர்ல டைம்கீப்பருக்கு மரியாதையே இல்ல" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "யாரைப் போய்த் திட்டுறது?"

சாயங்காலம் மகனிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னிக்கு மலைக்குப் போனீங்களே, போட்டோ எங்க?'

டைம்கீப்பருக்கு வியர்த்தது. தையற்காரம்மாவுக்கு வியர்க்கவில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் சுவர் முழுக்க அதே மலையின் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. அதன் முன்னால் இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிரில் நடுங்குவதுபோல் தோளைக் குறுக்கி நின்றார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி படம் எடுத்துக் கொடுத்தாள். அனுப்பினார்கள்.

மகன் உடனே போன் செய்தான். "படம் நல்லா இருக்குப்பா. மலை மேல எப்படி சுவிட்ச் போர்டு இருக்கு?"

டைம்கீப்பர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பனிச் சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே வரிசையாக சுவிட்சுகள்.

"முன்னேறின நாடுப்பா" என்றார். "எங்க போனாலும் கரண்ட் வசதி."

"ஓ" என்றான் மகன்.

அந்த 'ஓ' டைம்கீப்பரை இரவெல்லாம் புரட்டி எடுத்தது. டிப்போவில் பஞ்சர் என்று பொய் சொன்ன டிரைவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன 'ஓ' அது.

மறுநாள் முதுகுவலி என்று டிமிக்கி கொடுத்தார்கள். அதற்கும் கொடிக்காரப் பெண் "சரிங்கம்மா" என்றாள். ஆனால் இந்த முறை டைம்கீப்பர் முன்யோசனையோடு இருந்தார். குழுவிலேயே ஒரு ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் மனைவியோடு வந்திருந்தார். நின்றால் படம், நடந்தால் படம் என்று எடுத்துத் தள்ளுபவர். போகிற இடத்திலெல்லாம் நாலு படம் அனுப்பிவிடுங்கள் என்று டைம்கீப்பர் கேட்டுக்கொண்டார். அவரும் அனுப்பினார். டைம்கீப்பர் பார்க்காமலேயே மகனுக்குத் தள்ளிவிட்டார்.

"அப்பா, எல்லாப் படத்துலயும் தொப்பி போட்ட ஒரு ஆள் நிக்கறாரே, யாரு?"

"ஃபிரெண்டுப்பா. பேங்க் மேனேஜர்."

"நீங்க எங்க?"

"நாங்கதான் எடுத்தோம்."

"ரெண்டு பேரும் சேந்தா?"

டைம்கீப்பர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். "ஆமா, அவர் போனைப் பிடிச்சுக்குவார், நான் பட்டனை அமுக்குவேன்" என்று தையற்காரம்மா கூசாமல் சொன்னார்.

"ஓ" என்றான் மகன். "அந்த சாரோட நம்பரைக் குடும்மா. ஒரு அவசரம்னா பேசலாம்ல."

கொடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று கொடுத்தார்கள். கொடுத்தபிறகு, மேனேஜர் உளறிவிடக் கூடாதே என்று அவர் அறைக்கே போய் விஷயத்தைச் சொன்னார்கள். மேனேஜர் நேர்மையான மனிதர். பொய் சொல்ல வேண்டும் என்றதும் அவருக்குக் காது சிவந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்குக் கண் விரிந்தது.

"அப்ப நீங்க ரெண்டு நாளும் சும்மா உக்காந்திருந்தீங்களா?"

"ஆமாம்மா. ஆற அமர."

"கால் வலிக்கலையா?"

"உக்காந்தா ஏன் வலிக்கும்?"

அடுத்த நாள் காலை, பஸ் கிளம்பும் நேரத்தில் மேனேஜரின் மனைவிக்கும் தலைவலி வந்துவிட்டது. மேனேஜர் தொப்பியோடு தனியாகப் போனார். அந்த அம்மா தையற்கடையில் வந்து உட்கார்ந்து, பட்டன் தைத்துக்கொண்டே, கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் வீட்டில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைக்காரிக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தகுந்த இடத்தில் தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் மேனேஜர் நேராக டைம்கீப்பரின் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், என் பொண்டாட்டி இதுவரைக்கும் என் பேச்சைத் தட்டினதே கிடையாது. இன்னிக்கு 'நீங்க போயிட்டு வாங்க'ன்னு சொல்றா. கோட்டை முன்னால தனியா நின்னு நானே என்னைப் படம் எடுத்துக்கிட்டேன். படத்துல பாதி மூக்குதான் இருக்கு. ஒரு நல்ல குடும்பத்தைக் கலைச்சுட்டீங்க."

"சார், அது வந்து..."

"நாளைக்குக் கடைசி நாள். நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா பஸ்ல ஏறணும். உங்களைப் பாத்தாத்தான் இவளும் ஏறுவா. இல்லேன்னா உங்க பையனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

கதவு சாத்தியதும் தையற்காரம்மா, "சொல்லட்டுமே, எனக்கென்ன பயம்?" என்றார்.

டைம்கீப்பர் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு மெதுவாக, "பால்கனி" என்றார்.

தையற்காரம்மாவின் முகம் மாறியது. மழைச் சாரலில் துருப்பிடித்து நிற்கும் மிஷினை அவர் பார்த்துவிட்டார். "ஒரு நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு வரேன்" என்றார்.

மறுநாள் டிரைவர் வருவதற்கு முன்பே இருவரும் பஸ் வாசலில் நின்றார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, கழுத்தில் குழுவின் அட்டை, எல்லாம் சரியாக இருந்தது. மேனேஜர் மனைவியோடு ஏறி, திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார்.

கொடிக்காரப் பெண் ஏறினாள். இருவரையும் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயா, நீங்க வர்றீங்களா?"

"வர்றோம்மா."

"அம்மாவுமா?"

"நீ எங்க நிக்கச் சொன்னாலும் நிப்பேம்மா" என்றார் தையற்காரம்மா, கையைக் கட்டிக்கொண்டு. "எவ்வளவு வேகமா ஓடச் சொன்னாலும் ஓடறேன்."

கொடிக்காரப் பெண்ணின் முகம் வெளுத்தது. "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றவள் கீழே இறங்கிப் போனில் படபடவென்று பேசினாள். பஸ் கிளம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரு டாக்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். தையற்காரம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். டைம்கீப்பரின் கண்ணில் டார்ச் அடித்தார். தன் விரலை இடமும் வலமும் ஆட்டி, அதையே பார்க்கச் சொன்னார். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்று டைம்கீப்பர் சொல்லச் சொல்ல, கொடிக்காரப் பெண் போனை நீட்டினாள். மகன்.

"அம்மா" என்றான். "எதையும் மறைக்காம சொல்லும்மா. என்ன நடந்துச்சு?"

தையற்காரம்மா மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். காட்டிக் கொடுத்துவிட்டார் பாவி. சரி, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? அவர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நின்றார். பின்வரிசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்றேன், கேட்டுக்கோ. நாங்க மலைக்குப் போகல. கோட்டைக்குப் போகல. முதல் நாளைத் தவிர ஒரு இடத்துக்கும் போகல. தலைவலின்னு சொன்னது பொய். முதுகுவலியும் பொய். அந்த மலை ஹோட்டல் சுவத்துல ஒட்டின மலை. உங்கப்பா பெஞ்சுல உக்காந்து பஸ் பாத்தாரு. நான் ஒரு கடையில உக்காந்து துணி தைச்சேன். எனக்குப் பிடிச்சிருந்தது. என் வயசுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியும், எந்தக் கொடியும் சொல்ல வேண்டாம். இதுக்காக வீட்டைப் பூட்டணும்னு நீ வந்து நின்னா, நான் உள்பக்கமா பூட்டிக்குவேன். என் மிஷின் பால்கனிக்குப் போகாது. வேணும்னா நீ வந்து எங்க பால்கனியில படுத்துக்கோ."

மகன் மெல்லக் கேட்டான்.

"அப்ப மூணு நாளும் டிமிக்கிதானா?"

"மூணு நாளும்."

"இன்னிக்கு ஏன்மா ஏறினே?"

"அந்த மேனேஜர் மிரட்டினாரு. இல்லேன்னா இன்னிக்கும் ஏறியிருக்க மாட்டேன்."

"அப்பாடா" என்றான் மகன். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "போய் உன் கடையில உக்காரும்மா. வீட்டைப் பத்தி இனிமே நான் பேசல." போனை வைத்துவிட்டான்.

தையற்காரம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, அது போன்தானா என்று பார்த்தார். டாக்டர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். டைம்கீப்பர் கொடிக்காரப் பெண்ணிடம், "என்னம்மா இது? ஒழுங்கா வந்து உக்காந்தது ஒரு குத்தமா?" என்றார்.

நெற்றி வியர்வையைக் கொடியாலேயே துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"உங்க பையன் முதல் நாளே சொல்லியிருந்தாருங்கய்யா. 'அவங்க டிமிக்கி குடுக்கற வரைக்கும் கவலையில்ல, தனியாவே இருந்துக்குவாங்க. என்னிக்காவது சொன்ன பேச்சைக் கேட்டு பஸ்ல ஏறி உக்காந்தாங்கன்னா மட்டும், உடனே டாக்டரைக் கூப்பிட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க'ன்னு."