மாசாய்க்கும் சொங்காய்க்கும் என்ன முறை?

முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பார்த்தால், அவர்களைப் பங்காளிகளாகவோ மாமன் மச்சானாகவோ ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. உறவு பிடிப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காருவார். எந்த ஊர் என்பார். சொன்னால் அங்கே யார் வீடு என்பார். நீங்கள் திண்டிவனத்தில் ஏறிச் செஞ்சியில் இறங்குவதற்குள், உங்கள் அம்மாவின் அத்தை கல்யாணத்தில் அவருடைய மாமனார் பந்தி பரிமாறியதை நிரூபித்து, "அப்ப நீ நமக்கு மருமவன் முறை" என்று தோளில் கை போட்டுவிடுவார். தப்பித்தவர் உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

செஞ்சியில் இந்த இனத்துக்குத் தலைவர் லூர்துநாதன். வாசகசாலையைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் உத்தியோகம். திறப்பதற்கும் பூட்டுவதற்கும் நடுவே உறவு பிடிப்பார்.

அறுபத்தைந்தாம் வருஷம் கோடையில், கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் படித்தார். யாரோ ஓர் அமெரிக்கப் பேராசிரியர் ஆப்பிரிக்க மொழிகளையெல்லாம் நாலு குடும்பமாகப் பிரித்திருக்கிறாராம். அதில் நைலோ சகாரா என்று ஒரு குடும்பம். மற்ற மூன்றிலும் இடம் கிடைக்காமல் நின்ற மொழிகள், நூறுக்கு மேல், எல்லாம் அதற்குள். நைல் நதிக்கரையில் நூபிய மொழி, சாட் ஏரிக்கரையில் கனூரி, சதுப்பு நிலத்தில் மாடு வளர்க்கிற டிங்காக்காரர்களின் மொழி, தெற்கே கென்யாப் புல்வெளியில் மாசாய், மேற்கே வெகுதூரத்தில் நைஜர் ஆறு வளைகிற இடத்தில் சொங்காய். சிலவற்றில் குரலை ஏற்றி இறக்கினாலே அர்த்தம் மாறிவிடுமாம். சிலவற்றில் கூட்டத்தைச் சொல்லத்தான் வெறும் சொல். கூட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒரு வால் ஒட்ட வேண்டுமாம். ஒன்று பேசுகிறவனுக்கு மற்றதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஒரே குடும்பம்!

லூர்துநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. நம் தொழிலை அமெரிக்காவிலும் ஒருத்தர் செய்கிறார்!

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வம்சப் படம் வரைந்து சுவரில் மாட்டினார். பேராசிரியர் குடும்பம் என்றுதான் சொன்னார், முறை சொல்லவில்லை. அந்தக் குறையை லூர்துநாதன் தீர்த்துவைத்தார். நூபிய மொழி பெரியப்பா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பைபிள் வேதத்தை எழுதிவைத்த மொழி என்பதால் அவருக்குத் தனி மரியாதை. டிங்கா சித்தப்பா. மாசாய் தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள். சொங்காய் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன சின்னத் தாத்தா. மேல்சித்தாமூர் ஜெயபால் வாரம் ஒருநாள் கடலை மூட்டையோடு செஞ்சிக்கு வந்து, பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போகிற நல்ல மனிதர். அவரும் மாட்டிக்கொண்டார்.

"கனூரிக்கும் நூபியனுக்கும் இன்னா முறை, சொல்லு பாக்கலாம்?"

"கடல வெல இன்னான்னு பாக்க வந்தேங்க."

ஒரு மொழி வேண்டாம் என்று ஊர் உலகமே கொடி பிடித்த அந்த வருஷத்தில், இவர் ஒருத்தர் நூறு மொழியை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்.

எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. தம்பி பாக்கியசாமிக்குச் சைக்கிள் கடை, கழற்றுவதே பிழைப்பு. ஒன்றிரண்டு இல்லை, எந்த உறவையும் நம்பாத மனிதர். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கயும் ஒட்டாதத எல்லாம் ஒரே கூடையில போட்டுட்டு குடும்பமாம்! நைலு எங்க இருக்குது, சொங்காய் எங்க இருக்குது? நம்மூரு மூணு மலையும் தனித்தனியாத்தான் நின்னுது. எவனோ சுவர வளச்சிக் கட்டி ஒரே கோட்டைன்னுட்டான். சுவரு கட்டிட்டா மலைங்க அண்ணன் தம்பி ஆயிடுமா?"

"சொங்காய் குடும்பம் இல்லங்கறவன் எனக்குத் தம்பியே இல்ல!" என்றார் லூர்துநாதன்.

அன்றோடு பேச்சு நின்றது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த சொங்காயைச் சேர்த்துக்கொண்டு, ஒன்பது அங்குலச் சுவருக்கு அப்பால் இருந்த தம்பியைத் தள்ளிவைத்தார். சொல்லியே ஆகவேண்டிய சங்கதிகளை இருவரும் கொல்லைச் சுவரிடம் சொன்னார்கள். "ஏ சுவரே, கெணத்துக் கயிறு பிஞ்சிபோச்சாம்." "ஏ சுவரே, வெள்ளாடு முருங்கயத் தின்னுட்டுதாம்." எட்டு மாதம் இப்படியே ஓடியது.

தை மாதத்தில் லூர்துநாதனின் மகள் ரோஸ்மேரிக்கு ஓர் இடம் வந்தது. அனந்தபுரத்துப் பிலவேந்திரனின் மகன் மரியசெல்வம், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஈஸ்டர் சமயத்துப் பாஸ்குத் திருவிழாவில் பார்த்தபோதே ரோஸ்மேரிக்குப் பிடித்துப்போயிருந்தது. அது அம்மா அருளம்மாளுக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அருளம்மாள் புருஷனைச் சமையல்கட்டுக்குள் நிறுத்தினாள்.

"இன்னிக்கி ஒரு நாளு யாரையும் சொந்தம் ஆக்காதீங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

லூர்துநாதன் சத்தியம் செய்தார். வந்தவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசினார், பஸ்ஸைப் பற்றிப் பேசினார். கேசரி வரைக்கும் தாக்குப்பிடித்தார். பஜ்ஜி வரும்போது பிலவேந்திரன், "எங்க தாத்தாவுக்குச் சீயமங்கலம் பூர்வீகம். சவரியப்பன்னு பேரு" என்று சாதாரணமாகச் சொல்லிவைத்தார்.

நாக்கு அரித்தது. பல்லைக் கடித்தார். அருளம்மாள் கதவிடுக்கிலிருந்து முறைத்தாள். ஆனால் பிறவிக்குணம் முறைத்தால் போகுமா?

"சவரியப்பனா? ஒரு கண்ணுல பூ விழுந்தவரா? அடடே! எங்க தாத்தாவுக்குக் கூடப்பொறந்த தம்பி! அப்ப நீங்களும் நானும் பங்காளி!"

அப்பன்மார் பங்காளி என்றால் பிள்ளைகள் என்ன முறை? அண்ணன் தங்கை. பிலவேந்திரன் கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். மரியசெல்வம் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே ஒரு தம்ளர் விழுந்தது.

"இது தெரியாம வந்துட்டமே" என்று பிலவேந்திரன் செருப்பைத் தேடினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக லூர்துநாதனுக்கு ஓர் உறவு பொய்யாக இருக்கவேண்டும் என்று ஆசை வந்தது. ஆனால் அவர் வாயால் எப்படி மறுப்பது? ஒருநிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்கு ஓடினார்.

"ஏ சுவரே, மாப்ள வூட்டுத் தாத்தா சீயமங்கலம் சவரியப்பன நம்ம பங்காளின்னு ஒளறிட்டேன், பொண்ணு வாழ்க்கை போவுது. ஒரு ஒதவி வேணும்னு சொல்லு."

அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "சொங்காய் யாருன்னு கேளு, சுவரே."

லூர்துநாதன் திரும்பிப் பார்த்தார். ரோஸ்மேரி அடுப்பங்கரை ஜன்னலோரம் நின்று, ஊதாமலே புகைகிற அடுப்பின்மேல் பழிபோட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"குடும்பம் இல்ல."

"காதுல விழலையாம், சுவரே."

"சொங்காய் குடும்பம் இல்லடா! வாடா!"

எட்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் போன முதல் வார்த்தை அது.

பாக்கியசாமி கிரீஸ் கையோடு சுவர் ஏறிக் குதித்து வந்தார்.

"எங்க தாத்தா வூட்டுக்கு ஒரே புள்ள. கோயில்ல ஞானஸ்நானப் புஸ்தகம் இருக்குது, போயிப் பாருங்க. சவரியப்பன் பக்கத்து நெலத்துக்காரரு. ஏர் எரவல் வாங்க வருவாரு, தம்பின்னு கூப்டுவாங்க. பக்கத்துல இருந்தா பேச்சு ஒட்டிக்கும். ரத்தமா ஒட்டிக்கும்?"

லூர்துநாதனிடம் இதற்கு ஏழு மறுப்புகள் இருந்தன. ஏழையும் மிளகாய் பஜ்ஜியோடு விழுங்கினார்.

பிலவேந்திரன் சந்தேகமாகப் பார்த்தார். "இதெல்லாம் சொல்றீங்களே, நீங்க யாரு?"

எந்த உறவையும் நம்பாத பாக்கியசாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணுக்குச் சித்தப்பா."

லூர்துநாதன் அழுதுவிட்டார். காரம் என்று சொன்னார். யாரும் நம்பவில்லை.

கோயிலில் புத்தகம் பார்த்தார்கள், ஒரே பிள்ளைதான். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது. கொடுத்த வார்த்தைப்படி லூர்துநாதன் காலண்டர் படத்தில் சொங்காயை அழித்தார். ஒரு வாரம் பொறுத்து மறுபடி எழுதினார். பென்சிலால்தான். பாக்கியசாமி அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் போய்விட்டார்.

நீங்கள் அந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் சீயமங்கலம் சவரியப்பன் என்றதும், அந்தப் பக்கம் நமக்குக்கூட யாரோ உண்டே என்று ஒரு கணம் யோசித்தீர்கள்தானே? யோசியுங்கள், தப்பில்லை. யோசித்து முடித்ததும் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள்: உங்கள் கொல்லைச் சுவரிடம் கடைசியாக என்ன சொல்லி அனுப்பினீர்கள்?