தும்பையும் பெரியப்பாவின் பி.ஏ.வும்

ஒரு காட்டில், மழை வந்தால் முதலில் ஒழுகும் வளையில், தும்பை என்றொரு முயல் பெண் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. காட்டுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குத்தான் வழியில்லை. அப்பாவுக்குக் கிழங்கு தோண்டும் கூலி வேலை.

ஆனால் கல்லூரிக்கு இளகிய மனசு. ஒரே வளையில் வாழும் குடும்பத்தில் ஒருவர்கூடப் பட்டம் வாங்கியதில்லை என்றால் கட்டணமே கிடையாது. யாரும் படிக்கவில்லை என்பதை எழுத்துமூலம் நிரூபித்தால் போதும். படிக்காதவர்கள் அதற்கு ரசீதா வாங்கி வைத்திருப்பார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு சரி.

'ஏழை மாணவர் உதவி மேசை' என்ற பலகைக்குக் கீழே உடும்பார் உட்கார்ந்திருந்தார். பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகவே அவருக்கு அந்த வேலை. தும்பை நான்கு தடவை வந்து திரும்பியிருந்தாள். முதலில் வருமானச் சான்றிதழ் பழசு. அடுத்த தடவை புகைப்படத்தில் காது வெட்டுப்பட்டிருந்தது. காது முழுசாகத் தெரியும்படி எடுத்து வந்தால் முகம் கடுகளவு. நான்காவது தடவை உடும்பார் சாப்பிடப் போனவர் போனவர்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாமே சரியாக இருந்தது. கூட்டுக் குடும்பம்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்களே என்று, அம்மா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடியெடுத்து இணைத்திருந்தாள். அங்கேதான் வந்தது வினை.

"யாரும்மா இந்தக் கோதண்டம், பி.ஏ.?"

"எங்க பெரியப்பா சார். அவர் ஒன்பதாவது பெயில். கல்யாணத்துக்காகச் சும்மா போட்டது."

"அச்சுல இருக்கே. படிக்கலைன்னு அவரே வந்து எழுதித் தரட்டும். குடும்ப அட்டையில தலைவி யாரு?"

"பெரியம்மா."

"அவங்களும் கையெழுத்துப் போடணும்."

பதினெட்டு வருஷமாகப் பெரியப்பா அந்த பி.ஏ.வில்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். வளை வாசலில் பெயர்ப்பலகை. மூக்கில் கண்ணாடி. மாமனார் சீராகக் கொடுத்த கேரட் தோட்டம்கூட பட்டத்துக்குத்தான் என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமேம்மா. படிப்பு எங்க ஓடிப்போகுது?"

"இடம் ஓடிப்போகும் பெரியப்பா. அஞ்சு மணிக்கு."

"உங்க பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தியா?"

அடுப்படியிலிருந்து பெரியம்மா மரகதம் வந்தாள். "எல்லாம் எப்பவோ தெரியும். மறுவீட்டுக்குப் போனப்பவே இங்கிலீஷ் பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. செருப்பை மாட்டுங்க."

மேசைக்கு முன்னால் நின்று, கோதண்டம் தான் கோதண்டம் மட்டுமே என்று எழுதிக் கொடுத்தார். உடும்பார் மரகதத்தைப் பார்த்தார். பிறகு பத்திரிகையைப் பார்த்தார். மணமகள் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெண்பிள்ளையிடம் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

'எங்கள் வளையில் யாரும் பட்டம் பெற்றவரில்லை' என்ற வரிக்குக் கீழே பெரியம்மா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்க, முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில் பெரியப்பா பத்தடி முன்னால் தலையைக் குனிந்தபடி நடந்தார். பெரியம்மா தும்பையின் காதோரம் சொன்னாள்:

"முதல் செமஸ்டர்ல புள்ளியியல் கொஞ்சம் படுத்தும். பயப்படாதே, நான் சொல்லித் தர்றேன்."

தும்பை நின்றுவிட்டாள். "பெரியம்மா! உங்களுக்கு எப்படி..."

"கத்தாதேடி, உடும்புக்குக் கேட்டுடப் போகுது. பத்திரிகையில போட்ட பி.ஏ. பொய்யில்லை. என்னோடதுதான். மாப்பிள்ளையைவிடப் பொண்ணு அதிகம் படிச்சிருந்தா நல்லா இருக்காதுன்னு, பெரியவங்க எல்லாரும் கூடிப் பேசி அதை அந்தப் பக்கம் நகர்த்திட்டாங்க."

நீதி: ஏழைப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிக்க வேண்டுமானால், வீட்டுப் பெண்களின் படிப்பைப் பத்திரிகையில் போடாமல் விடும் நல்ல வழக்கத்தை எக்காரணம் கொண்டும் கைவிடக்கூடாது.